வெள்ளை விரிப்பில் ஊறுகாய் ஜாடி

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். உங்கள் ஸ்டேஷன் டீ நன்றாகத்தான் இருக்கிறது. கொண்டுவந்தவர் டம்ளருக்குள் கட்டைவிரலை விட்டுப் பிடித்திருந்தார், அவ்வளவுதான். அதைக் குறையாகச் சொல்லவில்லை. கான்ஸ்டபிளுக்கு அது வேலை இல்லை. திருடனை எப்படிப் பிடிப்பது என்று கேட்டால் எனக்கும் தெரியாது.

என் பெயர் அய்யாவு. ஜீவனஹள்ளியில் குடியிருக்கிறேன். கண்டோன்மென்டில் ஹாதர்லி ஓட்டல் சாப்பாட்டு அறைக்குப் பட்லர். வெள்ளைக்காரர்கள் இருந்தபோது பேரராகச் சேர்ந்தேன், அவர்கள் கப்பலேறிய பிறகு பட்லர் ஆனேன். சுதந்திரத்தில் எனக்குக் கிடைத்த பங்கு அது. போதும்.

இன்ஸ்பெக்டர் அய்யா, ஆரோக்கியமேரி என்கிற அந்த ஆயா ஒரு தப்பும் செய்யவில்லை. மௌரீன் துரைசானி செத்துப்போனதற்கு அவளுடைய மீன் ஊறுகாய் காரணம் இல்லை. ஒன்றும் அறியாத ஒரு பெண்பிள்ளை மேல் பழி விழக்கூடாது என்றுதான் நானாகவே வந்திருக்கிறேன். வேறு காரணம் கிடையாது. இதை மேலேயே எழுதிக்கொண்டால் நல்லது.

எங்கள் சாப்பாட்டு அறையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் நான் ஏதோ ஆத்திரத்தில் செய்துவிட்டதாக நினைத்துக்கொள்வீர்கள்.

அடுக்களையில் சமைத்துத் தட்டில் போட்டுக் கொண்டுவந்து வைப்பது கறிச்சோறு போடுகிற எந்த மிலிட்டரி ஓட்டலிலும் நடக்கிறது. எங்களிடம் சமையலின் கடைசிப் பங்கு சாப்பிடுகிறவர் கண் முன்னால் நடக்கும். சக்கரம் வைத்த டிராலியை மேஜைப் பக்கம் தள்ளிக்கொண்டு வருவேன். முழு மீனை அங்கே வைத்துத் தோலை உரித்து, நடுமுள்ளைத் தலையோடு சேர்த்து ஒரே இழுப்பில் எடுப்பேன். ஆட்டுத்தொடையை அங்கேயே அரிவேன். கடைசியில் விளக்கைத் தணித்துவிட்டு, ஸ்பிரிட் அடுப்பில் செம்புத் தட்டை வைத்து, குடகு ஆரஞ்சுச் சாற்றில் பான்கேக்கை மடித்துப் போட்டு, மேலே பிராந்தியை ஊற்றிப் பற்றவைப்பேன். நீலமாக எரியும். பட்டாளத்து மேஜர்கூட அந்த நேரத்தில் குழந்தை மாதிரி வாயைத் திறந்துகொண்டு பார்ப்பார். நெருப்பு அடங்கியதும் வெள்ளிக் குப்பியைச் சாய்த்துச் சர்க்கரைத்தூளைத் தூவிக் கொடுப்பேன்.

இதில் சமையல் பாதி, கை பாதி. தட்டு வந்ததும் தெரியக்கூடாது, போனதும் தெரியக்கூடாது. பட்லர் அறைக்குள் இருக்கிறான் என்பதே தெரியக்கூடாது. இன்று காலை நான் வந்து இந்தப் பெஞ்சில் உட்கார்ந்து வெகுநேரம் யாரும் என்னை என்னவென்று கேட்கவில்லை. அது உங்கள் ஆட்களின் தப்பில்லை, என் பழக்கம்.

மெட்ராஸில் மதுவிலக்கு வந்த பிறகு சனிக்கிழமை ரயிலில் ஒரு கூட்டம் வர ஆரம்பித்தது. பீருக்காக வருகிறவர்கள். சாப்பாட்டு அறை அவர்களுக்கு வழியில் இருக்கிற தொந்தரவு. ஒரு ரோடு கான்ட்ராக்டர், நான் டிராலியைத் தள்ளிக்கொண்டு போய் அடுப்பைப் பற்றவைத்ததும் நாற்காலியைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

“ஏம்பா, உங்க ஓட்டல்ல அடுப்படி இல்லியா? இங்க வந்து கொளுத்தறே. சட்டைல பொறி பட்டா எவன் தருவான்?”

நான் அடுப்பை அணைத்துவிட்டு டிராலியைத் திருப்பிக்கொண்டு போனேன். அவரையும் அன்றைக்கு ஒன்றும் செய்யவில்லை. அப்போது எனக்கு அந்த யோசனையே இல்லை.

ஓட்டலுக்கு முதலாளி லட்சுமம்மா. மல்லேஸ்வரத்தில் வீடு. அவருடைய புருஷன் ஊரைவிட்டுப் போன ஒரு வெள்ளைக்காரரிடம் ஓட்டலை வாங்கிவிட்டு, அதை என்ன செய்வதென்று தீர்மானிப்பதற்குள் போய்ச் சேர்ந்தார். அந்தம்மா சுத்த சைவம். மாதத்துக்கு ஒருதரம் வருவார், சாப்பாட்டு அறை வாசலில் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றே என்னிடம் பேசிவிட்டுப் போவார். பொல்லாதவர் இல்லை. காலியாகக் கிடக்கிற மேஜைகளைப் பார்த்து அவர் என்னதான் செய்வார்? அந்த அறையை டிபன் ரூம் ஆக்கிவிடலாம், தோசை போட்டால் வாசலில் வரிசை நிற்கும் என்று அவருக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். சொன்னவருக்குக் கணக்குத் தெரியும், அதில் சந்தேகமில்லை.

“அந்த மௌரீனம்மா நம்ம யஜமானரு காலத்திலேர்ந்து இருக்கறவங்க. அவங்க இருக்கற வரைக்கும் எல்லாம் ஹிங்கே இருக்கட்டும், அய்யாவு,” என்றார். “அவங்க போன மேலே பாத்துக்கலாம்.”

இப்படியே இருக்கட்டும் என்றார். அதை அவர் வாயால் சொன்னார், நான் காதால் கேட்டேன். இங்கேதான் எல்லாம் ஆரம்பம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மௌரீன் துரைசானி கோலார் தங்கவயலில் சுரங்க இன்ஜினியராக இருந்தவரின் பெண்சாதி. ஆங்கிலோ இந்தியர். புருஷன் செத்த பிறகு, ஆயா ஆரோக்கியமேரியைக் கூட்டிக்கொண்டு வந்து எங்கள் மாடியில் நிரந்தரமாக ஓர் அறை எடுத்துத் தங்கிவிட்டார். சாயங்காலம் விளக்கேற்றியதும் நீல கவுனும் முத்துமாலையும் போட்டுக்கொண்டு இறங்கி வருவார். ஜன்னலோர மேஜை. சூப், மீன், இறைச்சி, பான்கேக். முதுகு நாற்காலியில் படாது. ஸ்பூன் தட்டில் சத்தம் போடாது. என்னிடம் இங்கிலீஷில் ஒரு வார்த்தை, இரண்டு வார்த்தை. என் முகத்தை அவர் ஒருநாளும் பார்த்ததாக எனக்குத் தோன்றியதில்லை. பெரிய இடத்து மனுஷர்கள் பட்லர் முகத்தைப் பார்ப்பதில்லை.

ஓர் ஆள் அப்படி உட்கார்ந்து சாப்பிட்டால் போதும், சாப்பாட்டு அறை சாப்பாட்டு அறையாக இருக்கும். மற்ற மேஜைகளில் யார் சூப்பைக் கிண்ணத்தோடு தூக்கிக் குடித்தாலும் நான் பார்க்காமல் இருந்துவிடுவேன்.

அந்த வருஷங்களில் கண்டோன்மென்டில் வாரத்துக்கு ஒரு வீடு காலியாகும். பியானோ ஏலம், சோபா ஏலம், பிறகு பூட்டு. துரைசானிக்கும் ஆஸ்திரேலியாவில் ஒரு தங்கை. வந்துவிடு வந்துவிடு என்று எழுதிக்கொண்டே இருந்தாளாம். ஒருநாள் நான் மீனின் முள்ளை எடுத்துக்கொண்டிருக்கும்போது, அடுத்த வாரம் பம்பாய் போய்க் கப்பலேறப் போவதாகத் துரைசானி சொன்னார். முள் கையில் இரண்டாக உடைந்துவிட்டது. எனக்கு அப்படி நடந்ததே இல்லை.

நான் யாரையும் கொல்ல நினைக்கவில்லை. அவரை ஒரு ரயிலைத் தவறவிட வைக்க நினைத்தேன். அதற்கு என்ன தண்டனை என்று உங்களுக்குத்தான் தெரியும்.

என் பெண்சாதி சின்னத்தாயியின் தம்பி கோவிந்தன் ஒரு பணக்காரர் வீட்டு லாயத்தில் குதிரைக்காரன். வயிறு கட்டிக்கொண்ட குதிரைக்குக் கொடுக்கிற பேதிப் பொடி அவனிடம் எப்போதும் இருக்கும். எதற்கென்று சொல்லாமல் ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டேன். சின்னத்தாயிக்கு மூன்று நாளாக வயிறு சரியில்லை என்று அவனாகவே நினைத்துக்கொண்டு, “அக்காவுக்கு இது தாங்காது மாமா, ரொம்ப மூர்க்கம்,” என்றான். நானும் அதை மனதில் வைத்துக்கொண்டு, குதிரை எவ்வளவு பெரியது, துரைசானி எவ்வளவு சின்னவர் என்று நிதானமாக யோசித்து அளவைக் குறைத்துக்கொண்டேன். நான் முரடன் இல்லை.

பொடியைச் சர்க்கரைக் குப்பியில் கலந்தேன். ரயிலுக்கு முந்தின நாள் டின்னரில் விளக்கைத் தணித்தேன், பிராந்தியை ஊற்றினேன், பற்றவைத்தேன், தூவினேன். மறுநாள் பம்பாய் ரயில் சரியான நேரத்துக்குப் போயிற்று. துரைசானி போகவில்லை.

டாக்டர் வந்து அடுக்களையைக் குறை சொன்னார். எங்கள் சமையல்காரன் தாஸை லட்சுமம்மா நிறுத்திவிட்டார். அவன் போகும்போது அழுதான்.

“பட்லரே, எங்கம்மா மேல ஆணையா சொல்றேன், என் கையில தப்பில்ல.”

எனக்குத் தெரியும் என்றேன். அவனுக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது. சிவாஜிநகரில் எனக்குத் தெரிந்த ஒரு மிலிட்டரி ஓட்டலில் சொல்லி வேலை வாங்கிக் கொடுத்தேன். இப்போது பிரியாணி போடுகிறான். பார்க்கும்போதெல்லாம் கும்பிடுகிறான்.

இதற்குப் பிறகு நடந்ததுதான் நான் எதிர்பார்க்காதது. துரைசானி தேறி எழுந்து கீழே வந்ததும் ஒரே பிடிவாதமாகச் சொன்னார்: இனிமேல் அடுக்களையில் செய்த எதையும் தொட மாட்டேன். என் கண்ணெதிரே அய்யாவு செய்தால்தான் சாப்பிடுவேன். சூப்பைக்கூட டிராலியில்தான் சூடு பண்ண வேண்டும்.

இன்ஸ்பெக்டர் அய்யா, வெள்ளைக்காரர் காலத்தில்கூட எங்கள் அறையில் அப்படி ஒரு சர்வீஸ் நடந்ததில்லை. எல்லாம் மேஜையருகே. முட்டையை அங்கே அடித்தேன், சாலட்டை அங்கே கலந்தேன், சாஸை அங்கே கிண்டினேன். செம்புத் தட்டுகளைப் புளி போட்டுத் தேய்த்துத் தேய்த்து என் விரல் நுனி வெளுத்துப் போயிற்று. என் வாழ்க்கையில் மிகவும் நன்றாக இருந்த மாதங்கள் அவை. துரைசானி கன்னம் ஒட்டி இளைத்திருந்தார். அது அவருக்கு அழகாகவே இருந்தது.

தங்கை மறுபடி எழுதினாள். மறுபடி கப்பல். மறுபடி அதே நீல நெருப்பு. இந்தமுறை அவர் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தூவினேன். கண்ணெதிரே செய்வதற்குத்தான் தைரியம் வேண்டும் என்பார்கள். அப்படி இல்லை. எதிரே நெருப்பு எரிந்தால் போதும்.

அடுக்களையைக் குறை சொல்ல வழியில்லாததால் டாக்டர் தண்ணீரைக் குறை சொன்னார். கிணற்றை இறைத்துச் சுத்தம் பண்ணினார்கள். மூன்றாவது தடவை மழைக்காலத்தைச் சொன்னார். அதைச் சுத்தம் பண்ண யாராலும் முடியவில்லை. ஒவ்வொரு தடவையும் பார்லி தண்ணீர் வைத்துக் கொடுத்து, எலுமிச்சம்பழம் பிழிந்து கொடுத்துத் தேற்றியவன் நான்தான். நான் இல்லாவிட்டால் அந்த அம்மா எப்போதோ போயிருப்பார் என்று டாக்டரே என் தோளில் தட்டிச் சொன்னார்.

மூன்றாவது தடவைக்குப் பிறகு துரைசானி கீழே வரவில்லை. ஜன்னலோர மேஜையை நான் தினமும் போட்டேன். விரிப்பை மாற்றினேன், கத்தி, ஃபோர்க்கை வரிசையாக வைத்தேன், பிறகு எடுத்து வைத்தேன். லட்சுமம்மா ஓர் ஆளை அனுப்பியிருந்தார். அவன் என் சாப்பாட்டு அறைக்குள் குந்தி உட்கார்ந்து, தோசைக்கல் எங்கே வரும், புகை எந்தப் பக்கம் போகும் என்று சுண்ணாம்புக்கட்டியால் தரையில் கோடு போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். துரைசானி சும்மா மாடியில் இருந்தால் பிரயோஜனம் இல்லை, கீழே வந்து சாப்பிட வேண்டும் என்று எனக்குப் புரிந்தது. தட்டில் நல்ல சிக்கன் சூப் எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன்.

கதவு ஒருக்களித்துத் திறந்திருந்தது. துரைசானி தரையில் பாய் மேல் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். கவுன் முழங்கால் வரை ஏறியிருந்தது. மடியில் ஒரு பீங்கான் பேசின். அதில் ரசஞ்சாதம். மணிக்கட்டு வரை கையை விட்டுப் பிசைந்து உருட்டி வாயில் போட்டுக்கொண்டிருந்தார். ஆயா பக்கத்தில் உட்கார்ந்து ஊறுகாயைத் தொட்டுத் தொட்டு வைத்துக்கொண்டிருந்தாள்.

என்னைப் பார்த்ததும் அவர் திடுக்கிட்டு எழுந்திருப்பார் என்று நினைத்தேன். எழுந்திருக்கவில்லை.

“வா அய்யாவு. ஒக்காரு. நீயும் ஒரு வாய் துன்னு,” என்றார்.

தமிழ். கோலார் சுரங்கக் கூலிக்காரர்களின் லைன் வீடுகளில் குழாயடியில் பேசுகிற தமிழ். இத்தனை வருஷம் அவருக்குத் தமிழே தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தவன் நான்.

“இன்னாண்ணா, பேயறஞ்சா மாரி நிக்கறே,” என்றாள் ஆரோக்கியமேரி. “அம்மா நாலு நாளா இதான் துன்றாங்க. வவுறு கல்லு மாரி நிக்குது.”

நான் சூப்பைக் கையில் வைத்துக்கொண்டே நின்றேன். துரைசானி விரலை நக்கிவிட்டுச் சாவகாசமாகப் பேசினார். கேஜிஎஃப்பில் அவர் புருஷன் இருந்தபோது தினம் இதுதானாம். அவர் வெளியில் துரையாம், வீட்டுக்குள் ரசஞ்சோறாம். ஆஸ்திரேலியாவுக்குப் போகப்போவதில்லையாம், மூன்று தடவை வயிறு சொல்லிவிட்டதாம். தங்கைக்கும் அவருக்கும் சின்ன வயசிலிருந்தே ஆகாதாம். வருகிற ஞாயிற்றுக்கிழமை அறையைக் காலி பண்ணிக்கொண்டு ஆரோக்கியமேரி வீட்டுக்கே போய்விடப்போகிறாராம். அந்த வீடு ஜீவனஹள்ளியில், என் தெருவுக்கு அடுத்த தெரு.

நான் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது, பட்லர் காரணம் கேட்பதில்லை. இத்தனை வருஷம் அப்படியானால் எதற்குக் கீழே வந்து சாப்பிட்டீர்கள் என்று கேட்டுவிட்டேன்.

“உனக்காவத்தான்,” என்றார். “அந்த நாக்காலில குந்திக்கினா முதுவு ஒடியும். ஆனா நீ நெருப்பு வெக்கசொல்ல உன் மூஞ்சப் பாக்கணுமே. கொயந்த கணக்கா இருப்பே. நான் வரலன்னா உன் மனசு ஒடஞ்சிடுமேன்னுதான் தெனம் கவுனு மாட்டிக்கினு எறங்கி வந்தேன்.”

அதாவது அவர் நெருப்பைப் பார்க்கவில்லை. கையையும் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். மூன்று தடவையும்.

வீட்டில் நானும் சின்னத்தாயி கிண்டுகிற களியைக் கையால்தான் பிட்டுச் சாப்பிடுகிறேன். ரசத்தை உறிஞ்சித்தான் குடிக்கிறேன். அது வேறு. நான் என் வீட்டில் எப்படிச் சாப்பிடுகிறேன் என்று துரைசானிக்குத் தெரிய வேண்டிய அவசியம் இல்லை. அதுபோல அவரும் இருந்திருக்கலாம். ஜீவனஹள்ளி முச்சந்தியில் கீரைக்கட்டைக் கையில் வைத்துக்கொண்டு, இன்னா அய்யாவு என்று அவர் என்னைக் கூப்பிடுவதை யோசித்துப் பார்த்தேன். என் பெண்சாதி பக்கத்தில் நின்று சிரிப்பதையும் யோசித்துப் பார்த்தேன்.

போவதற்கு முன்னால் ஒரே ஒரு டின்னர் கீழே வந்து சாப்பிட வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன். அவர் என் முகத்தைப் பார்த்தார்.

“செரி, உனக்காவ,” என்றார்.

சனிக்கிழமை. நல்ல ஆற்று மீன் வாங்கினேன். தொடைக்கறியை முந்தின நாளே ஊறவைத்தேன். விரிப்பு, பழைய வெள்ளைக்காரர் காலத்தது, இஸ்திரி போட்டால் பீங்கான் மாதிரி நிற்கும். சர்க்கரைக் குப்பியில் வழக்கமான அளவையே போட்டு வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை ஜீவனஹள்ளிக்குப் போகாமல் இருந்தால் எனக்குப் போதும். திங்கட்கிழமையைத் திங்கட்கிழமை பார்த்துக்கொள்ளலாம். இதையும் எழுதிக்கொள்ளுங்கள், ஏனென்றால் இது உண்மை.

ஆரோக்கியமேரி கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தாள். நீல கவுன் அவர்மேல் கொடியில் காயப்போட்ட மாதிரி தொங்கியது. உட்கார்ந்தார். முதுகு நாற்காலியில் படவில்லை. சூப்பை அசங்காமல் குடித்தார். மெட்ராஸ்காரர் ஒருவர் அடுத்த மேஜையிலிருந்து, யார் இந்தம்மா என்று என்னைக் கேட்டார். எனக்குப் பெருமையாக இருந்தது. எல்லாம் பழையபடி ஆகிவிட்டது என்றுகூட நினைத்தேன்.

மீன் வந்தது. முள்ளை ஒரே இழுப்பில் எடுத்தேன். எலுமிச்சையும் வெண்ணெயும் ஊற்றிப் பரிமாறினேன். ஒரு வாய் சாப்பிட்டார். பிறகு நாற்காலியில் திரும்பி, அறை முழுக்கக் கேட்கிற மாதிரி, “மேரி, சப்புனு கீது. அந்த ஜாடிய எட்தா,” என்றார்.

ஆரோக்கியமேரி ஓடிப்போய் எடுத்துவந்தாள். வாயில் துணி கட்டிய மண்ஜாடி. மீன் ஊறுகாய். பக்கத்தில் எண்ணெய் வழிந்திருந்தது. அதை அப்படியே விரிப்பின் மேல், ரோஜாப்பூ வைத்திருந்த கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். துரைசானி துணியை அவிழ்த்து விரலை உள்ளே விட்டு ஒரு துண்டை எடுத்து என் மீன் மேல் வைத்தார். நான் முள் எடுத்துக் கொடுத்த மீன். மீன் மேல் மீன். பிறகு ஃபோர்க்கைத் தள்ளி வைத்துவிட்டுக் கையால் சாப்பிட்டார். மெட்ராஸ்காரர் பெரிதாகச் சிரித்தார். “அப்படிச் சாப்பிடுங்கம்மா, இப்பத்தான் பாக்க நல்லாருக்கு,” என்றார்.

ஜாடியைத் தூக்கி அடியில் ஒரு தட்டை வைத்தேன். விரிப்பில் அதற்குள் மஞ்சளாக ஒரு வட்டம் விழுந்துவிட்டது. அந்த மாதிரி எண்ணெய்க் கறை வண்ணானிடம் போட்டாலும் போகாது.

பக்கச்சுவர் அலமாரிக்குப் போனேன். கோவிந்தன் கொடுத்த பொட்டலத்தில் மிச்சமிருந்ததை முழுவதும் சர்க்கரைக் குப்பியில் கொட்டி ஆட்டினேன். அளக்கவில்லை. என் வேலையில் நான் அளக்காமல் செய்தது அது ஒன்றுதான்.

இறைச்சியை அவர் அதிகம் சாப்பிடவில்லை. விளக்கைத் தணித்தேன். பான்கேக்கை ஆரஞ்சுச் சாற்றில் போட்டு மடித்தேன். பழத்தோலைச் சுருள் சுருளாக ஒரே நீளமாகச் சீவி, அது நெருப்பில் தொங்கும்படி பிடித்து, அதன் மேல் பிராந்தியை ஊற்றினேன். நெருப்பு சுருளில் இறங்கி இறங்கித் தட்டுக்குப் போயிற்று. அவ்வளவு நன்றாக எனக்கு அதுவரை வந்ததில்லை. மெட்ராஸ்காரர்கூடச் சிரிப்பை நிறுத்திவிட்டார். பிறகு தூவினேன்.

துரைசானி ஃபோர்க்கை எடுத்தார். ஊறுகாய்க் கையைத் துடைத்துவிட்டு, எனக்காக எடுத்தார் என்று நினைக்கிறேன். தட்டில் ஒரு சொட்டு மிச்சம் வைக்கவில்லை.

“பஸ்ட் கிளாஸு, அய்யாவு,” என்றார். என் முகத்தைப் பார்த்தார். அன்றைக்கு மட்டும் நானும் அவர் முகத்தைப் பார்த்தேன். வயசான, இளைத்துப்போன ஒரு மனுஷி. சந்தோஷமாக இருந்தார்.

விடிவதற்குள் போய்விட்டார். டாக்டர் மாடி அறைக்குள் நுழைந்து முதலில் பார்த்தது, ஆயா மேலே கொண்டுபோய் வைத்திருந்த ஜாடியை. மோந்து பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார். கெட்டுப்போன மீன் என்றார். லட்சுமம்மா மல்லேஸ்வரத்திலிருந்து வந்து வாசலிலேயே நின்று, மீனை ஊறுகாய் போட்டால் வேறென்ன ஆகும் என்றார். உங்கள் ஆட்கள் ஜாடியையும் ஆரோக்கியமேரியையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள். என்னை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. நான் அறையில்தான் நின்றுகொண்டிருந்தேன்.

இதுதான் நடந்தது. சாப்பாட்டு அறைக்காகச் செய்தேன் என்றுதான் சொல்ல வந்தேன். சொல்லிப் பார்க்கும்போது அது முழுக்கச் சரியாக வரவில்லை. அவர் செத்தால் அறை மூடிவிடும் என்று எனக்குத் தெரியாமலா இருந்தது? தோசைக்கல் நேற்று வந்து இறங்கிவிட்டது. நல்ல கனமான கல். நான்கு பேர் தூக்கினார்கள்.

இப்போது நீங்கள் பேனாவை மூடி வைத்துவிட்டு என்னைப் பார்க்கிறீர்கள்.

“கேஸ் முகிது ஹோய்த்து, அய்யாவு. முடிஞ்சு போச்சு,” என்கிறீர்கள். “டாக்டரே ஊறுகாய்னு சொல்லிட்டார். தெரியாம நடந்ததுன்னு அந்த ஆயாவ நேத்து மத்தியானமே வீட்டுக்கு அனுப்பிச்சாச்சு. உன்னை யாரும் கேக்கலியே. நீ எதுக்குப்பா வந்தே?”

அது எனக்குத் தெரியும். நேற்றுச் சாயங்காலம் ஆரோக்கியமேரி எங்கள் வீட்டுக்குத்தான் வந்தாள். சின்னத்தாயி காப்பி போட்டுக் கொடுத்தாள். அம்மா கடைசியாக என் கை ஊறுகாயைத்தான், அண்ணா, ஆசையாகச் சாப்பிட்டாங்க, அது போதும் எனக்கு என்று சொல்லி அழுதாள். சின்னத்தாயியும் அழுதாள். தெருவில் எல்லோரும் அப்படித்தான் சொல்லிக்கொள்கிறார்கள். எனக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை.

நான் சொன்னதை நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம், அய்யா. தூக்கில் போட்டாலும் சரி, வீட்டுக்குப் போ என்றாலும் சரி. ஊறுகாய் என்பதை மட்டும் அடித்துவிட்டு, அவர் கடைசியாகச் சாப்பிட்டது ஆரஞ்சு பான்கேக் என்று எழுதிக்கொள்ளுங்கள். மருந்தைத் தவிர அதில் ஒரு குறையும் இருக்கவில்லை.